வடிகுழாயின் வாய்

வரப்போடு நில்லுங்க. உள்ளே இறங்காதீங்க, செருப்பைப் பிடித்துக்கொள்ளும். மேலே பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் இழுக்கும். ஆமாங்க, இதுதான். பரமத்தியிலிருந்து இரண்டு பஸ் மாறி நீங்க தேடி வந்த காடு இதுதான். நான்தான் ஆறுச்சாமி.

முகம் ஏன் இப்படிச் சுருங்கிப் போச்சு? விவசாய ஆபீசில் வேறு மாதிரி சொல்லி அனுப்பினார்களா? "உப்புப் பூத்த பூமியில் மஞ்சள் எடுத்த மனுஷன், போய்ப் பார்த்துவிட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோ பழசுங்க. அதில் மஞ்சள் இடுப்புக்கு மேலே நிற்கும். நான் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். பல்லெல்லாம் தெரியும். அந்தப் போட்டோவைக் கழற்றிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் தேவலை. நான் போய்ச் சொல்ல முடியாது.

பூமிக்குள் போட்ட வடிகுழாய் அடைத்துக்கொண்டது. தென்னை வேர் உள்ளே புகுந்துவிட்டது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்கிறேன், உங்களுக்கும் அதேதான்.

ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பூமியில் குழாய் போடுங்க. குழாய் நல்லது. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. என் குறையெல்லாம் மனுஷர் மேல்தான். அதுவும் ஒரே ஒரு மனுஷன் மேல். அதோ, ஓடைக்கு அந்தப் பக்கம், தென்னைக்கு நடுவே ஓட்டு வீடு தெரிகிறதே, அந்த வீட்டுக்காரன். சென்னியப்பன். என் தங்கச்சி நல்லம்மாளைக் கட்டினவன். எனக்கு மாப்பிள்ளை முறை.

இப்படி நிழலுக்கு வந்துவிடுங்க. வெயில் ஏறுகிறது.

எங்கள் அப்பனுக்கு ஓடைக்கு இரண்டு பக்கமும் பூமி இருந்தது. தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தபோது அந்தப் பக்கத்தைக் கிணற்றோடு அவளுக்கு எழுதி வைத்தார். கிணறு என்றால் அது கிணறு. ஊரே வறண்டு கிடந்த கோடையிலும் அதில் தண்ணீர் நிற்கும். இளநீர் மாதிரி இருக்கும். கிணறு இல்லாத பக்கம் எனக்கு. ஆண் பிள்ளை எனக்கு மூளிப் பூமி, கட்டிக் கொடுத்த பெண்ணுக்குக் கிணற்றுப் பூமி. சரி, அப்பன் செய்ததை என்ன சொல்ல முடியும்? செத்துப்போனவரோடு சண்டை போட முடியுமா? உயிரோடு இருக்கிறவனோடுதானே போட முடியும்.

மேட்டுப் பக்கம் வாய்க்கால் போகிறது பாருங்க. அதில் தண்ணீர் வர ஆரம்பித்ததும் மேலே இருக்கிறவர்கள் நெல் போட்டார்கள், கரும்பு போட்டார்கள். விட்ட தண்ணீரெல்லாம் பூமிக்குள் இறங்கி இறங்கி என் காட்டில் வந்து நின்றது. என் பூமி சட்டி மாதிரி. வந்த தண்ணீருக்குப் போக வழி இல்லை. ஓதம் ஏறிக்கொண்டே வந்தது. வெயில் தண்ணீரைக் குடித்துவிடும், உப்பை விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு கோடை போய் அடுத்த கோடைக்குள் காடு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. நெல் போட்டேன், கருகியது. சோளம் போட்டேன், முளைக்கவே இல்லை. கடைசியில் கோரைதான் முளைத்தது. அந்தப் பக்கம் சென்னியப்பன் பூமி சரிவாக ஓடையைப் பார்த்து இருக்கிறது. தண்ணீர் தானாக வடிந்துவிடும். அவனுக்கு வாழை, எனக்குக் கோரை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது.

அவன் பையனுக்குக் காதுகுத்து. பூபதி என்று பேர், ஒரே பையன். தாய்மாமன் மடியில்தானே வைத்துக் குத்த வேண்டும், என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தேன். கோரை முளைத்த காட்டை வைத்துக்கொண்டு எப்படிச் செய்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். ஊரே உட்கார்ந்திருக்கிறது. இவன் ரசவாளியோடு வருகிறான். என் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு, சத்தமாக:

"ஏனுங் மச்சான், உங்க காட்டுல மட்டும் மழை பேயாமயே தவக்கா கத்துதாமா? நெல்லுப் போடறதுக்குப் பதுலாத் தவக்காயே வளத்தலாமுங்களே. சைனாக்காரன் வந்து வாங்கிக்குவான்!"

பந்தியே சிரித்தது. ஒருத்தருக்குப் புரையேறி முதுகில் தட்டினார்கள். என் தங்கச்சியும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டேன். பாயசம் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அன்றையிலிருந்து இதற்குப் பேர் தவக்காக்காடு, தவளைக்காடு. பஸ்ஸில் கண்டக்டர் கேட்கிறான், "தவக்காக்காடு ஸ்டாப்பா?" என்று. ரேஷன் கடையில் கூப்பிடுகிறார்கள், "தவக்காக்காட்டு ஆறுச்சாமி" என்று. பட்டாவில் மட்டும்தான் ஏறவில்லை.

பல வருஷம் கழித்துத்தான் குழாய்க்காரர்கள் வந்தார்கள். ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா, ஜீப்பில். மண்ணைக் குடைந்து பார்த்தார்கள். ஒரு முழம் தோண்டுவதற்குள் தண்ணீர் நின்றது. அந்த அம்மா சொன்னார்கள்: பயிரின் வேருக்கும் மூச்சு வேண்டும் அய்யா, உங்கள் பூமி மூச்சு முட்டிக் கிடக்கிறது, தண்ணீர் வடிய வழி செய்துவிட்டால் உப்பும் அதோடு போய்விடும் என்று. எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. மூச்சு முட்டிக் கிடக்கிறது எப்படி என்று எனக்குத் தெரியாதா?

ஜேசிபி வந்தது. ஆள் கழுத்து ஆழத்துக்கு வரிசை வரிசையாக வாய்க்கால் பறித்தார்கள். அதில் குழாய். சாதாரணக் குழாய் இல்லை, உடம்பெல்லாம் சின்னச் சின்னத் துளை. மண் உள்ளே போகாதபடி வலைத்துணி சுற்றியிருக்கும். சுற்றிலும் ஜல்லி கொட்டி மூடிவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது, ஏர் ஓட்டலாம், டிராக்டர் ஓட்டலாம். பூமிக்குள் மிஞ்சுகிற தண்ணீரெல்லாம் அந்தத் துளை வழியாகக் கசிந்து, சின்னக் குழாயிலிருந்து பெரிய குழாய்க்கு வந்து, பெரிய குழாயின் வாய் வழியாக ஓடையில் விழும். அவ்வளவுதான் வித்தை.

வாயை எங்கே வைப்பது என்றுதான் பேச்சு வந்தது. அந்த அம்மா நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "இந்தப் பக்கம் வேண்டாங்கய்யா. எதிர்க்கரையிலேயே குடிக்கிற கிணறு இருக்கு. தரைப்பாலத்தத் தாண்டிக் கொண்டுபோய்க் கீழ விட்டுரலாம்" என்றார்கள். அதற்கு என் தென்னை வரிசையைக் குடைந்துகொண்டு போக வேண்டும். "ஓடைக்கு எங்க உட்டா என்னுங்கம்மா, ஓடை ஓடைதானுங்களே" என்றேன். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள், திரும்பி வருவதற்குள் நான் ஜேசிபி டிரைவரிடம் கையைக் காட்டிவிட்டேன். நேராக அந்தக் கிணற்றைப் பார்த்து. "எதுக்குங்க இப்பிடி?" என்று கேட்டான். "எங்காட்டுத் தவக்காயெல்லாம் எம்மாப்பிள்ள ஊட்டுக்கே போகட்டும் கண்ணு" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தாங்க அந்தப் பந்தியில் சாப்பிட்டது எனக்குச் செரித்தது.

இதில் தப்பு என்ன இருக்கிறது? தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் காட்டியிருப்பீங்க.

முதல் வருஷம் வந்த தண்ணீர் தேத்தண்ணி நிறம். நாக்கில் வைத்தால் கரிக்கும். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வாய்க்கால் தண்ணீரைக் கட்டிக் கட்டி விட்டோம், உப்பு கரைந்து கரைந்து போனது. அப்புறம் தெளிந்துவிட்டது. கண்ணாடி மாதிரி ஓடும். கோரை தானாகச் செத்தது. மண்ணைக் கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. மண்புழு வந்தது! அதைப் பிடித்துக்கொண்டு போய் ராமாத்தாளிடம், என் வீட்டுக்காரியிடம், காட்டினேன். "மோதரத்தக் காட்ற மாரி புழுவக் காட்றீங்களே" என்றாள்.

மஞ்சள் வைத்தேன். ஓதக்காட்டில் கிழங்கு அழுகிப்போகும் என்று ஊரில் பந்தயம் கட்டினார்கள். அழுகவில்லை. பறித்தபோது ஒவ்வொரு கிழங்கும் பிள்ளைக் கை மாதிரி விரல் விரித்திருந்தது. ஜீப் ஜீப்பாக ஆட்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மாலைகூடப் போட்டார்கள்.

என் தங்கச்சி வந்தாள். அத்தனை வருஷம் வாசல் படியோடு நின்றுவிட்டுப் போகிறவள், உள்ளே வந்து உட்கார்ந்து, "அண்ணா, மேகலாவ எம்பையனுக்குக் குடுங்க" என்றாள். மேகலா என் ஒரே மகள். பூபதிக்கு முறைப்பெண். கோரை முளைத்த காலத்தில் வந்து கேட்டாளா? கேட்கவில்லை. இருந்தாலும் கொடுத்தேன். பிள்ளைகள் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்ற நிற்பை நான் பார்க்காமலா இருந்தேன்? பூபதி நல்ல பையன். அவன் அப்பன் புத்தி அவனுக்கு இல்லை.

உரம் பற்றிக் கேட்டீங்களே. போட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. இருபது வருஷம் பட்டினி கிடந்த பூமிங்க. பசித்து வந்தவனுக்கு அளந்தா போடுவோம்? யூரியா மூட்டை மூட்டையாக இறக்கினேன். மழை பெய்துவிட்டால் இலை வெளுக்கும். மறுபடியும் போடுவேன், பச்சை கட்டும். மறுபடி மழை, மறுபடி உரம். அந்த அம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் போடுங்கய்யா. பயிர் எடுத்தது போக மிச்சமெல்லாம் குழாய் வழியாத் தண்ணியிலே கரைஞ்சு போயிரும், கண்ணுக்கே தெரியாது." உரம் வைத்ததும் வாயை மூடி வைக்கச் சொல்லி ஒரு மூடியும் கொடுத்தார்கள். நல்ல கனமான மூடி. குழிவாக இருந்தது. கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டேன்.

ஓடையில் பாசி பிடித்தது. பச்சைப் பசேல் என்று, பாய் விரித்த மாதிரி. சென்னியப்பன் வரப்பில் வந்து நின்றான். "மச்சான், உங்க குழாய்த் தண்ணி வந்ததுலருந்து ஓடையே பச்சையாப் போச்சுங்க. கெணத்துக்கும் ஊறுமோன்னு ஒரு ரோசனையா இருக்குதுங்க. வாயக் கொஞ்சம் கீழ தள்ளி வெக்கலாமுங்களா?" என்றான்.

அவன் என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறான்! "பாசி இல்லாமத் தவக்கா எங்க முட்டை வெக்கும் மாப்பிள்ளை?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு போனான். பாருங்க, அடுத்தவனைச் சிரிக்க வைத்தவனுக்குத் தான் சிரிக்கத் தெரியவில்லை.

மேகலா உண்டானாள். கட்டுச்சோறு விருந்து வைத்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. பெண் குழந்தை. 'நறுமுகை' என்று பூபதி பேர் வைத்தான். எனக்கு அது வாயில் நுழையாது. நான் 'பெரியம்மிணி' என்று கூப்பிடுவேன். உள்ளங்கை அளவு இருந்துகொண்டு என்னை அதிகாரம் பண்ணும், பேர் அதற்குப் பொருத்தம்தான். தாய்ப்பால் பற்றவில்லை. டப்பாப் பால் கரைத்துக் கொடுத்தோம். எங்கள் வீட்டில் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறது, அந்தத் தண்ணீரில். நன்றாகக் குடித்தது. கை மடிப்பும் கால் மடிப்புமாக, பார்க்கிறவர்கள் கண் வைத்துவிடுவார்கள் என்று ராமாத்தாள் கன்னத்தில் மை வைத்துக்கொண்டே இருப்பாள். இதை நீங்க நினைவில் வைத்துக்கொள்ளுங்க. என் வீட்டில் குழந்தை எப்படி இருந்தது என்பதை.

மூன்றாம் மாதம் புருஷன் வீட்டுக்கு அனுப்பினோம். தொட்டில், வெள்ளி அரைஞாண், பால் டப்பா ஒரு பெட்டி நிறைய. நானே கடையில் பார்த்து வாங்கினது. தோட்டத்து வீடு, அங்கே குடிநீர்க் குழாய் போகவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான்.

ஐப்பசி மாதம். மஞ்சளுக்குக் கடைசி உரம் வைத்து முடித்தேன், மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. மழை கொஞ்சம் விட்டு வெறித்தபோது பார்த்தால் இலையெல்லாம் வெளுத்திருந்தது. இன்னொரு தடவை போட்டேன். திரும்பவும் கொட்டியது. குழாயின் வாய் அருவி மாதிரி ஊற்றியது. மூடி இருந்தாலும் அந்த நேரத்தில் யார் போய் மூடுவார்கள்?

மேகலா தினமும் போன் செய்வாள். மழைத் தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது, குழந்தைக்குச் சேருமா என்று பயந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? அக்கறையாகத்தான் சொன்னேன். "நல்லாக் கொதிக்க வெய்யி அம்மிணி. கஷாயம் காச்சற மாரி பாதியாச் சுண்டட்டும். அப்பறம் ஆத்தி, அதுல பால் கரைச்சுக் குடு." எங்கள் ஆத்தாள் எங்களை அப்படித்தான் வளர்த்தாள். மேகலா நான் சொன்னால் மீற மாட்டாள். விறகடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம். அவள் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. பால் குடிக்க மூச்சு வாங்கியது. உதடு நாவல் பழம் தின்ற மாதிரி ஆனது. குளிர் என்று நினைத்து என் தங்கச்சி கம்பளி சுற்றினாள். நகக்கண்ணெல்லாம் நீலம் பாரித்த பிறகுதான் போன் வந்தது. தரைப்பாலத்தின் மேல் வெள்ளம். பூபதி குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான். அவனுக்கு முன்னால் சென்னியப்பன், கழியால் தரையைக் குத்திக் குத்தி வழி பார்த்துக்கொண்டு. நான் இந்தக் கரையில் வண்டியை வைத்துக்கொண்டு நின்றேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஊசியில் வந்த ரத்தம் சிவப்பாக இல்லைங்க. கருப்பட்டிக் காப்பி மாதிரி இருந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன குடுக்கறீங்க?" என்றார்.

"பால் பவுடருங்க" என்றாள் மேகலா.

"என்ன தண்ணியில?"

"கெணத்துத் தண்ணிங்க. நல்லாக் காச்சித்தானுங்க."

"எவ்வளவு நேரம்?"

"பாதியாச் சுண்டற வரைக்குமுங்க." அப்புறம் என்னைப் பார்த்தாள். "அப்பா சொன்னாங்க."

டாக்டர் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். காய்ச்சினால் கிருமி சாகும், தண்ணீரில் கரைந்த உரம் சாகாது, தண்ணீர் குறையக் குறைய அது கெட்டியாகத்தான் ஆகும் என்று. உரமா, கிணற்றில் ஏது உரம் என்று பூபதி கேட்டான். சென்னியப்பன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவிநாசி தாண்டவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் நீங்க சொல்லுங்க. அதே கிணற்றுத் தண்ணீரை என் தங்கச்சி குடித்தாள், அவன் குடித்தான், பூபதி குடித்தான். கல் மாதிரி நிற்கிறார்கள். தண்ணீர் ஆள் பார்த்தா கொல்லும்? பச்சைக் குழந்தையின் ரத்தம் தாங்காது, பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது என்கிறார்கள். ஆபீசிலிருந்து வந்தார்கள், கிணற்றில் ஒரு பாட்டில் பிடித்தார்கள், என் குழாய் வாயில் ஒரு பாட்டில் பிடித்தார்கள், என்னமோ சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் வீட்டில் மூன்று மாதம் தங்க விக்கிரகம் மாதிரி இருந்த குழந்தை, அவர்கள் வீட்டில் ஒரு மாதம் தாங்கவில்லை. அப்படியானால் யார் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை? நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டீங்க. யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அந்தப் பக்கம்தான் புதைத்தோம், வாழைக்கு ஓரமாக. சென்னியப்பன் என் கையைப் பிடித்து இழுத்து முதல் மண் போட வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். இப்போது கேட்பான், குழியை மூடின பிறகு கேட்பான், வீட்டுக்குப் போய்க் கேட்பான், ஊர்க் கூட்டத்தில் வைத்துக் கேட்பான். கேட்டால் பதில் சொல்லலாமே! எத்தனை பதில் வைத்திருந்தேன் தெரியுமா? தவக்காய்க்கு ஊரைக் கூட்டிச் சிரித்தவன், இதற்கு வாயைத் திறக்கவில்லை. அதுதாங்க என் குறை. அதைத்தான் நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மனுஷன் என்றால் திட்ட வேண்டாமா? சட்டையைப் பிடிக்க வேண்டாமா? பேசாமல் இருந்தே என்னைக் கொல்கிறான்.

மேகலாவும் பேசவில்லை. மறுநாளிலிருந்து ராமாத்தாள் எங்கள் வீட்டுக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டு தரைப்பாலம் தாண்டிப் போக ஆரம்பித்தாள். தினமும். "எங்க போறே?" என்றால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு நடப்பாள். எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் போவாள், அதில் குறை சொல்ல முடியாது.

என்ன அங்கேயே பார்க்கிறீங்க? குழாய் வாயா? ஆமாம், சிமெண்டுதான். அது எலிக்குப் பூசினது. எலி உள்ளே போய்க் கூடு கட்டிவிடுகிறது. அடைத்தது வேர்தான். முன்னாலேயே சொன்னேனே. மஞ்சள் விலையும் அந்த வருஷம் படுத்துவிட்டது. எனக்கும் வயசாகிவிட்டது. இதெல்லாம் சேர்ந்து பூமி இப்படி ஆகிவிட்டது. இரண்டு மழைக்குள் ஓதம் ஏறிவிட்டது. உப்புக்கு வழி மறக்கவில்லை பாருங்க.

சென்னியப்பன் ஒரு தடவை வந்தான். நான் இதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளுத்துக் கிடக்கிற காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், கெணத்த மண்ணுப் போட்டு மூடிப்போட்டமுங்க. ஊட்டுக்குக் குழாயும் வந்துருச்சு. இனி அந்தத் தண்ணிய யாரும் குடிக்கப் போறதில்ல. தொறந்து உடுங்க."

"எதைத் தொறக்கறது மாப்பிள்ளை? வேரு அடைச்சுக்கிச்சு."

சிமெண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் பக்கத்திலேயே வரப்பில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அப்போதாவது ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அதைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறான்.

மேகலாவுக்கு மறுபடியும் குழந்தை பிறந்தது. பையன். அங்கேயே பிறந்தான். இரண்டாவது என்பதால் தாய் வீட்டுக்கு வர வேண்டியதில்லை, முறை அப்படித்தான். நான் போய்ப் பார்க்கவில்லை. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ராமாத்தாள் வந்து சொல்லுவாள், குப்புற விழுந்தான், தவழ்கிறான், நிற்கிறான் என்று. என்னிடம் சொல்ல மாட்டாள், அடுப்பைப் பார்த்துச் சொல்லுவாள்.

போன ஆவணியில் ராமாத்தாளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. மேகலா வந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக எங்கள் வாசலை மிதித்தாள். இடுப்பில் பையன். என்னைத் தாண்டி நேராக அம்மாவிடம் போனாள். பையனை இறக்கிவிட்டு உள்ளே கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். நான் முன்கட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அசையவில்லை. அசைந்தால் போய்விடுவார்களோ என்று இருந்தது.

பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பயமே இல்லை அவனுக்கு. என் மீசையைப் பார்த்தான். "தண்ணி" என்றான்.

என்னிடம் கேட்டானுங்க. என்னிடம்.

எழுந்த வேகத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டம்ளரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். குடத்தில் இருந்ததைக்கூட மொள்ளவில்லை. வாசல் குழாயைத் திறந்து, கொஞ்சம் ஓடவிட்டு, புதுசாகப் பிடித்தேன். அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து நீட்டினேன். இரண்டு கையாலும் என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். விளிம்பில் வாயை வைத்துவிட்டான்.

மேகலா உள்ளேயிருந்து வந்தாள். வந்தவள் தட்டிவிட்டாள்.

டம்ளர் உருண்டு வாசலுக்குப் போனது. பையன் வீரிட்டு அழுதான். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தட்டவில்லைங்க. சத்தியமாகச் சொல்கிறேன், அவளாகத் தட்டவில்லை. கைதான் தட்டியது.

"அப்பா" என்றாள். எத்தனை நாளாச்சு அந்தச் சொல்லைக் கேட்டு. "அப்பா, நானு..." என்றாள்.

"குழாய்த் தண்ணிதான் அம்மிணி. இப்பத்தான் புடிச்சேன்" என்றேன்.

"தெரியுமுங்கப்பா" என்றாள்.

பையனை ஒரு கையால் அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிந்தின தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.